விலகுதலும் விலக்குதலும்: 'அப்ஸ்டெயின்' என்னும் ஆங்கில வினைச்சொல் பற்றிய ஒரு பாடம்

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஆங்கில வழியிலேயே கல்வி பயில்கின்றனர். பள்ளியிலும், கல்லூரி விடுதியிலும், பின்னர்ப் பணியிடத்திலும், "நீ ஏன் முட்டை உண்பதில்லை? பொழுது சாய்ந்தபின் ஏன் உண்பதில்லை? கிழங்கை ஏன் ஒதுக்குகிறாய்?" என்னும் வினாக்கள் அவர்களை நோக்கி எழுகின்றன. அவற்றிற்கு அவர்கள் ஆங்கிலத்தில் கூறும் விடை பெரும்பாலும் 'நாட் அலவ்ட்' என்பதாகவே இருக்கின்றது. 'எனக்கு அனுமதி இல்லை' என்பது அதன் பொருள். கூறுபவர் அறியாமலே நோன்பைச் சிறையாக மாற்றிவிடும் விடை இது. அவ்விடத்தில் ஆளத்தக்க சரியான ஆங்கில வினைச்சொல் வேறொன்று உண்டு. அது 'அப்ஸ்டெயின்' என்பது. அதன் பொருள், பிறப்பு, வழக்கு ஆகிய மூன்றையும், அதனோடு நம் அறத்திற்கு உள்ள தொடர்பையும் இப்பாடத்தில் காண்போம்.

பொருள்

ஏ, பி, எஸ், டி, ஏ, ஐ, என் என்னும் ஏழு எழுத்துகளால் ஆனது இச்சொல். ஒலிக்கும்போது 'டெயின்' என்னும் பிற்பகுதியில் அழுத்தம் விழும். 'ஒன்றைச் செய்யவோ நுகரவோ வாய்ப்பு இருந்தும், தானே துணிந்து அதினின்று விலகி நிற்றல்' என்பது இதன் பொருள்.

இப்பொருளுள் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. முதலாவது, வாய்ப்பு இருத்தல். கையில் காசில்லாமையால் இனிப்பு வாங்காதவனை 'அப்ஸ்டெயின்' செய்தான் என்று ஆங்கிலேயர் கூறார். இரண்டாவது, தன் துணிவு. மூன்றாவது, விலகி நிற்கும் செயல். இம்மூன்றும் ஒருங்கு கூடிய இடத்திலேயே இவ்வினை முழுப்பொருள் தரும்.

இது ஏட்டு வழக்கிற்கு உரிய சொல் என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். தோழர்களோடு உணவருந்தும்போது 'ஐ டோன்ட் ஈட் மீட்' என்னும் எளிய தொடரே போதுமானது. விண்ணப்பம், கட்டுரை, மேடைப்பேச்சு, மருத்துவர் தரும் அறிவுரை, சட்ட ஆவணம் ஆகியவற்றில் 'அப்ஸ்டெயின்' இடம்பெறும். எளிய இடத்தில் பெருஞ்சொல்லை ஆள்வது, கிணற்றடிக்குப் பட்டுடுத்திச் செல்வதை ஒக்கும்.

பிறப்பு

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழி. 'அப்ஸ்' என்பதற்கு 'அப்பால்' என்றும், 'டெனேரே' என்பதற்கு 'பிடித்தல்' என்றும் பொருள். இரண்டும் சேர்ந்து 'அப்ஸ்டினேரே' ஆயிற்று. 'அப்பால் பிடித்து நிறுத்துதல்' என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக 14ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்திற்கு வந்தது.

'பிடித்தல்' என்னும் அதே வேரிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் பல. உள்ளே பிடிப்பது 'கன்டெயின்'. விடாமல் பிடித்து வைத்துக்கொள்வது 'ரிடெயின்'. போகவிடாமல் பிடித்து வைப்பது 'டிடெயின்'. கீழிருந்து தாங்கிப் பிடிப்பது 'சஸ்டெயின்'. இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் மாணவன் விரைவில் மறப்பான். 'டெயின் என்றால் பிடி' என்னும் ஒரு குறிப்பைப் பெற்றவன் மறவான்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பிடிக்கப்படுவது எது? உணவா, மதுவா? அன்று. இலத்தீனில் இவ்வினை பலவிடங்களில் 'தன்னை' என்னும் சொல்லோடு சேர்ந்தே வரும். 'தன்னைத் தான் அப்பால் பிடித்து நிறுத்தினான்' என்பதே அங்குள்ள அமைப்பு. பிரெஞ்சு மொழியில் இன்றும் அச்சொல் இன்றி இவ்வினை வருவதில்லை. பழைய ஆங்கில நூல்களிலும் அது காணப்பட்டது, காலப்போக்கில் மறைந்துவிட்டது. ஆயினும் பொருளினின்று மறையவில்லை. இவ்வினையுள் பிடிப்பவனும் தானே, பிடிக்கப்படுபவனும் தானே.

வழக்கு

நன்னூல் பயின்ற நம் பிள்ளைகளுக்கு, இது செயப்படுபொருள் குன்றிய வினை என்று கூறினால் எளிதில் விளங்கும். 'எதை?' என்னும் வினாவிற்கு இங்கு இடமில்லை, 'எதிலிருந்து?' என்றே வினவுதல் வேண்டும். ஆதலின் இவ்வினையை அடுத்து 'ஃப்ரம்' என்னும் சொல் வருதல் மரபு. 'அப்ஸ்டெயின் மீட்' என்றும், 'அப்ஸ்டெயின் டு ஈட்' என்றும் எழுதுவன பிழைகள். 'அப்ஸ்டெயின் ஃப்ரம் மீட்', 'அப்ஸ்டெயின் ஃப்ரம் ஈட்டிங் மீட்' என்பனவே சரியானவை.

இதனோடு மயங்கத்தக்க வினைகள் இரண்டு. ஒன்று 'ரிஃப்ரெயின்'. கடிவாளத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. வாய்வரை வந்த கடுஞ்சொல்லை அடக்கிக் கொள்ளும்போது கடிவாளத்தை இழுக்கின்றோம். அங்கு 'ரிஃப்ரெயின்' பொருந்தும். அது பெரும்பாலும் அவ்வேளைக்குரிய அடக்கம். 'அப்ஸ்டெயின்' என்பதோ கொள்கையாக மேற்கொண்ட விலகல். மற்றொன்று 'ரினௌன்ஸ்'. அறிவித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த அது, உரிமையையோ உடைமையையோ வெளிப்படக் கூறித் துறப்பதைக் குறிக்கும். துறவியர்க்கு 'ரினௌன்ஸ்' உரியது. இல்லறத்தார்க்கு 'அப்ஸ்டெயின்' பெரிதும் உரியது.

பெயர்ச்சொல் வடிவங்களும் இரண்டாகும். உணவு, மது முதலியவற்றினின்று விலகுதல் 'அப்ஸ்டினென்ஸ்' எனப்படும். வாக்களியாது நிற்றல் 'அப்ஸ்டென்ஷன்' எனப்படும். உண்பதிலும் குடிப்பதிலும் அளவறிந்து ஒழுகுபவரைக் குறிக்கும் 'அப்ஸ்டீமியஸ்' என்னும் பெயரடையும் உண்டு. அதன் பிற்பகுதி 'பிடித்தல்' வேரிலிருந்து வந்ததன்று. வெறியூட்டும் பானத்தைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால், ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து உயிரெழுத்துகளும் வரிசை மாறாமல் ஒவ்வொரு முறை அமைந்திருத்தலைக் காணலாம். சிறுவர்களுக்கு இதனைக் காட்டினால் மகிழ்ச்சியோடு நினைவிற் கொள்வர்.

செய்தித்தாள்களில் இச்சொல்லை வாக்கெடுப்பைப் பற்றிய செய்திகளிலேயே மிகுதியாகக் காண்கின்றோம். 2022 மார்ச் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் உக்ரைன் பற்றிய தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் 'அப்ஸ்டெயின்' செய்தன. ஆதரவும் எதிர்ப்பும் அல்லாத இம்மூன்றாம் நிலையும் ஆராய்ந்து எடுத்த ஒரு முடிவே ஆகும். அவைக்கே வராதவர் கணக்கு வேறு. வந்திருந்து வாக்களியாதவர் கணக்கு வேறு. உணவின் இயல்பும் இதுவே. பந்திக்கு வாராமை வேறு. பந்தியில் அமர்ந்தும் ஒன்றை உண்ணாமை வேறு.

சேலம் மாவட்டம் கண்ட மற்றொரு வினை

'அப்ஸ்டெயின்' என்பதன் பொருளை அதற்கு எதிரே நிற்கும் 'ப்ரொஹிபிட்' என்னும் வினையோடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். அதுவும் இலத்தீன் வழி வந்ததே. 'ப்ரோ' என்றால் முன்னால். அதன் பின் நிற்கும் வினையும் 'பிடித்தல், உடைத்தாதல்' என்னும் பொருளுடையதே. ஒருவன் செல்லும் வழியின் முன்னே மறித்துப் பிடிப்பது 'ப்ரொஹிபிட்'. இரண்டு சொற்களிலும் பிடித்தல் உண்டு. ஒன்றில் தன்னைத் தான் பிடிக்கின்றான். மற்றதில் ஒருவனைப் பிறர் பிடிக்கின்றனர்.

தமிழில் இவ்வேறுபாட்டை ஓர் எழுத்து காட்டிவிடுகின்றது. அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து, விலகு, விலக்கு. முன்னவை தன்வினை, பின்னவை பிறவினை. 'அப்ஸ்டெயின்' என்பது விலகுதல். 'ப்ரொஹிபிட்' என்பது விலக்குதல். ஒருவன் தானே புலாலை விலக்கினான் என்றும் தமிழில் கூறுவதுண்டு. ஆயினும் 'மதுவிலக்கு' என்னும் சட்டப்பெயரில் விலக்குபவர் அரசினரே.

இவ்விரு வினைகளையும் அடுத்தடுத்துக் கண்ட மண் நம் சேலம், நாமக்கல் சமவெளியாகும். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவரும், 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராக விளங்கியவருமான ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டிற்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர்ப்பணியோடு மது ஒழிப்பும் அவ்வாசிரமத்தின் நோக்கமாயிற்று. 1929இல் மது ஒழிப்பிற்கென்றே 'விமோசனம்' என்னும் தமிழ் மாத இதழ் அங்கிருந்து வெளிவந்தது. எழுத்தாளர் கல்கி அதில் துணைநின்று உழைத்தார். அக்காலத்தில் ஆசிரமத்தார் கையில் சட்டமில்லை. சொல் ஒன்றே கருவியாக இருந்தது. குடிப்பவர் தாமே விலகவேண்டும் என்று வேண்டுவதே அவர்தம் பணி. அது 'அப்ஸ்டெயின்' காலம்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டப் பகுதிகளும் அன்று ஒரே மாவட்டம். 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் நம்மவர் ஊர்கள் மிகுந்த வட ஆர்க்காட்டிற்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இது 'ப்ரொஹிபிட்' காலம்.

பின் நிகழ்ந்ததையும் நோக்குவோம். 1939இல் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்கால ஆட்சியில் மதுவிலக்குக் கைவிடப்பட்டது. 1946இல் மீண்டும் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பும் தன் 47ஆம் உறுப்பில், மதுவிலக்கிற்கு அரசு முயல வேண்டும் என்று நெறி வகுத்தது. எனினும் தமிழ்நாட்டில் 1971இல் விலக்கு நீக்கப்பட்டது. 1974இல் திரும்ப வந்தது. 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983இல் தோன்றிய அரசு வாணிபக் கழகமே 2003 முதல் சில்லறை விற்பனையையும் நடத்தி வருகின்றது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்' என்னும் பெயரோடு இன்றும் உள்ளது. மதுக்கடைகளுக்கான விதிகளும் அச்சட்டத்தின் கீழேயே வகுக்கப்பட்டுள்ளன. சட்டத்தின் பெயர் விலக்கு; அதன் நிழலில் நடப்பது விற்பனை.

சட்டத்தை இகழ்வது இப்பாடத்தின் நோக்கமன்று. நாட்கூலியைக் கள்ளுக்கடையில் இழந்து வந்த குடும்பத்திற்கு, அக்கடை மூடப்பட்ட நாள் நல்ல நாளே. ஆயினும் இலக்கணம் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. 'ப்ரொஹிபிட்' என்னும் வினைக்கு எழுவாய் அரசு. எழுவாய் மனம் மாறினால் வினையும் மாறிவிடும். 'அப்ஸ்டெயின்' என்னும் வினைக்கு எழுவாய் தான். நோன்பு காத்த சிராவகர் இல்லத்தில் 1937ஆம் ஆண்டும் எதையும் மாற்றவில்லை. 1971ஆம் ஆண்டும் எதையும் மாற்றவில்லை.

அறநூல் நோக்கு

உமாஸ்வாமிகள் அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதத்தின் இலக்கணத்தோடு தொடங்குகின்றது. கொலை, பொய், களவு, காமம், பொருட்பற்று ஆகிய ஐந்தினின்றும் 'விரதி' அடைதலே விரதம் என்பது அதன் கருத்து. இவ்விடத்து 'விரதி' என்பதை ஆங்கிலத்தில் பெயர்ப்போர்க்குக் கைகொடுப்பவை 'அப்ஸ்டெயின்' போன்ற வினைகளே. 'ரம்' என்னும் வடமொழி வேருக்கு மகிழ்தல், திளைத்தல் என்று பொருள். 'வி' என்பது பிரிவைக் குறிக்கும். திளைப்பினின்று பிரிதலே விரதி. தமிழின் 'நோன்பு' என்னும் சொல்லோ பொறுத்தலைக் குறிக்கும் 'நோல்' என்னும் வினையினின்று பிறந்தது. இலத்தீன் தன்னைப் பிடிக்கச் சொல்கின்றது. வடமொழி திளைப்பை விடச் சொல்கின்றது. தமிழ் பொறுக்கச் சொல்கின்றது. மூன்றும் தன் செயலாகவே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. பிறர் செயல் எதிலும் இல்லை.

அடுத்த சூத்திரம் விலகலை இரண்டாக வகுக்கின்றது. ஓரளவு விலகுதல் அணுவிரதம்; முழுதும் விலகுதல் மகாவிரதம். பரமத்தி வேலூருக்கு எதிரே, காவிரியின் தென்கரையில், புகளூர் ஆறுநாட்டார் மலை உள்ளது. செங்காயபன் என்னும் சமண முனிவருக்குச் சேர அரச குடும்பத்தார் அங்குக் கல்லில் உறையுள் அமைத்துக் கொடுத்ததை அம்மலையின் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அங்குக் கொடை செய்தவருள் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனும் உண்டு. கற்படுக்கையில் துயின்ற முனிவரின் விலகல் முழுமையானது. பொன்னை நிறுத்து விற்ற வாணிகனைப் போன்ற இல்லறத்தார்க்கு ஏற்றது அளவான விலகல். நம் அறநெறி இவ்விரண்டிற்கும் இடம் வகுத்துள்ளது.

எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வினைக்கட்டிற்குரிய ஐந்து காரணங்கள் எண்ணப்படுகின்றன. மித்யாதரிசனத்தை அடுத்து இரண்டாவதாக நிற்பது 'அவிரதி', அதாவது விலகாமை. இங்குதான் நம் பிள்ளைகளின் விடை கவலைக்குரியதாகின்றது. கிடைக்காமையால் உண்ணாதவனுக்கும், தடுக்கப்பட்டமையால் உண்ணாதவனுக்கும் உடல் விலகியுள்ளதே அன்றி உள்ளம் விலகவில்லை. 'நாட் அலவ்ட்' என்று கூறும் பிள்ளையின் தட்டில் முட்டை இல்லை. ஆயினும் அவிரதி இருக்கின்றது. வீட்டை விட்டு வெளியூர் சென்ற முதல் மாதத்திலேயே சில பிள்ளைகளின் வழக்கம் மாறிவிடுதற்குக் காரணமும் இதுவே. விலக்கியவர் அருகில் இல்லை. ஆகவே விலக்கும் இல்லை.

இல்லத்தில் செய்யத்தக்கது

இளங்குழந்தைக்கு முதலில் விலக்கே வேண்டும். நெருப்பைத் தொடாதே என்னும்போது காரணம் கூறிக்கொண்டிருக்க இயலாது. ஆயின் பிறவினையில் தொடங்கும் பயிற்சி தன்வினையில் முடிதல் வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடமும் அதுவே: மேற்பார்வை நீங்கிய பின்னும் நிற்பதே கல்வி.

இதற்குரிய வழியை நம் முன்னோர் வகுத்துள்ளனர். சமந்தபத்திராசாரியாரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம், விலகலைக் கால அளவு பற்றி இரண்டாகப் பிரிக்கின்றது. குறித்த காலத்திற்கு மட்டும் மேற்கொள்வது நியமம். வாழ்நாள் முழுவதும் மேற்கொள்வது யமம். பத்து வயதுப் பிள்ளையிடம் யமத்தை எதிர்பார்த்தல் ஆகாது. தசலட்சண பர்வத்தின் பத்து நாட்களிலோ, சதுர்தசி ஒன்றிலோ, தான் விரும்பும் ஒரு பண்டத்தைத் தானே தேர்ந்து, தன் வாயால் கூறி விலகட்டும். அது மிகச் சிறியதாயினும் அதன் எழுவாய் அப்பிள்ளையே. பெற்றோர் 'கூடாது' என்று மட்டும் கூறாமல், முட்டையையும் தேனையும் நம்மவர் ஏன் விலக்கினர், இரவில் ஏன் உண்டிலர் என்பவற்றை உயிரிரக்கத்தோடு இணைத்து வயதிற்கேற்ப விளக்குதல் வேண்டும்.

நாமக்கல் பகுதி முட்டை உற்பத்திக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் முட்டை வழங்கப்படுகின்றது. அதனை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகின்றது. அவ்வரிசையில் நிற்கும் நம் குழந்தை தலைகுனிந்து நிற்க வேண்டுவதில்லை. 'நான் உண்பதில்லை' என்று இயல்பாகக் கூறிப் பழத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அத்தொடரின் எழுவாய் 'நான்' என்பதாக இருத்தலே போதுமானது. உண்ணும் தோழர்களை இகழாதிருத்தலும் அந்நோன்பின் பகுதியே.

பயிற்சி

கீழ்வரும் தொடர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது அப்ஸ்டெயின், ரிஃப்ரெயின், ரினௌன்ஸ், ப்ரொஹிபிட் ஆகிய நான்கனுள் எது பொருந்தும்?

1. கோயில் வளாகத்தில் தோல் செருப்பு அணிந்து வருவதை நிருவாகத்தினர் தடைசெய்துள்ளனர்.
2. என் பாட்டியார் அட்டமி நாட்களில் உணவு கொள்ளாதிருந்தார்.
3. அவர் சினம் மூண்டும் மறுமொழி கூறாமல் அடக்கிக்கொண்டார்.
4. அவ்வணிகர் தம் செல்வம் அனைத்தையும் துறந்து துறவு பூண்டார்.
5. அவ்வுறுப்பினர் அவைக்கு வந்திருந்தும் வாக்களிக்கவில்லை.

விடைகள்: 1. ப்ரொஹிபிட். 2. அப்ஸ்டெயின். 3. ரிஃப்ரெயின். 4. ரினௌன்ஸ். 5. அப்ஸ்டெயின்.

ஆறாவது தொடரைப் பிள்ளைகள் தாமே அமைக்கட்டும். 'ஐ அப்ஸ்டெயின் ஃப்ரம்' என்று தொடங்கி, தாம் விலகி நிற்கும் ஒன்றை எழுதி, அதன் கீழ் 'ஏனெனில்' என்று ஒரு வரியும் எழுதிப் பெற்றோரிடம் காட்டுக. அவ்வரியில் 'அம்மா திட்டுவார்கள்' என்று இருக்குமானால், பாடத்தை மறுபடியும் தொடங்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.